கடனும் சரிவும்: திம்புள்ள மலைத்தோட்டங்களில் மொழிபெயர்ப்பு, வங்கி, மண் என்பனவற்றின் தொடர்பு – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

சமய நூல்களின் மொழிபெயர்ப்பை ஆராய்வோர் கலைப்பீடத்தில் இருக்கின்றனர். வங்கித்தொழிலும் அதன் இன்றைய மின்னியல் வடிவங்களும் வணிகத்துறையினரின் ஆய்வுப்பொருளாகியுள்ளன. நிலநடுக்கத்தையும் மண்சரிவையும் தாங்கும் கட்டடங்களைப் பற்றிச் சிந்திப்போர் பொறியியற் பீடத்திற் காணப்படுகின்றனர். இம்மூவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் வாசிப்பது அரிது. அறிவுத்துறைகள் இவ்வாறு பிரிந்து வளர்வதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. எனினும், ஆராயப்படும் மனிதனின் வாழ்வு அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை. திம்புள்ளத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் தொழிலாளிக்கு, கோயிலிலோ தேவாலயத்திலோ செவிமடுக்கும் சொல்லும், செக்ரோலில் எழுதப்படும் கணக்கும், தலைக்கு மேலே நிற்கும் மலையும் ஒரே வாழ்வின் மூன்று கூறுகளாகும்.

இக்கட்டுரையில், தலவாக்கலை, லிந்துல, அக்கரப்பத்தனை, நானுஓயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள திம்புள்ளப் பிரதேசத்தை மையமாகக்கொண்டு, இம்மூன்று துறைகளும் சந்திக்கும் இடத்தை நோக்க முயல்கின்றோம். அவ்விடத்தை நமக்குக் காட்டுவது ‘கடன்’ என்னும் சிறு சொல். அச்சொல்லின் வழியே சென்றால் வங்கிக்கும் மண்ணுக்கும் வந்து சேரலாம் என்பதே நமது கருத்து.

2. சொல்

மலையகத்திற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியமைக்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம் வழிதிறந்தது. உரிமையை எழுத்தில் நிறுவ இயலாத காடுகளும் சேனை நிலங்களும் முடிக்குரியனவாயின. பின்னர் அவை தோட்டத் துரைமாரின் உடைமைகளாயின. அத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்கள் வழங்கின. உழைப்பாளரைத் தொடர்ந்து சமய ஊழியமும் வந்தது. 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘தமிழ்க் கூலி மிசன்’ கோப்பித் தோட்டங்களிற் பணிபுரிந்த தமிழருக்கென அமைந்ததாகும். அதன் உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவரப்பட்டனர். அவர்களது சம்பளத்துக்குத் தோட்டத்துரைமார் பணம் வழங்கினர். இச்செய்தி ஊன்றி நோக்கற்பாலது. போதனை யாருக்குச் செய்யப்பட்டதோ அவரும், போதனைக்குச் செலவிட்டவரும் உற்பத்தி உறவின் இரு எதிர்முனைகளில் நின்றனர்.

உபதேசிமாரின் கையில் இருந்த நூல் எத்தகையது? தமிழ் விவிலியம் அக்காலத்திற் பெரும் மாற்றத்துக்கு உட்பட்டுக்கொண்டிருந்தது. பப்பிரிசியசு அடிகளாரின் மொழிபெயர்ப்பு 18ஆம் நூற்றாண்டினது. திருநெல்வேலியில் இரேனியசு அதனைத் திருத்த முற்பட்டார். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஈற்றில், போவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முற்றுப்பெற்று, புரட்டஸ்தாந்துத் தமிழரின் பொது நூலாக நிலைத்தது. பராபரன் என்பதா தேவன் என்பதா எனக் கடவுளின் பெயர் குறித்து நிகழ்ந்த விவாதத்தை ஆய்வாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வோடு நேரடியாகத் தொடர்புற்ற வேறொரு சொல் அவர்தம் கவனத்தை அவ்வளவாக ஈர்க்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், இயேசு தம் மாணவருக்குக் கற்பித்த செபம் இடம்பெறுகிறது. மன்னிப்பை வேண்டும் பகுதியில் அங்குள்ள கிரேக்கச் சொல் கொடுக்கவேண்டிய கடனைக் குறிப்பது. லூக்காவின் வடிவத்திலோ இறைவனிடம் மன்னிக்க வேண்டுவது பாவம். மனிதன் மன்னிப்பது தனக்குக் கடன்பட்டவனை. ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் மத்தேயுவின் சொல்லை மூலத்துக்கு இணங்கக் ‘கடன்’ என்றே பெயர்த்தனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘குற்றம்’ என்னும் சொல் அமர்ந்துள்ளது. இறையியல் நோக்கில் இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டு. கடன் என்பது ஓர் உருவகம். அதன் பொருள் குற்றமே என்பர். ஆனால், சமூக வரலாற்றை ஆராயும் நமக்கு உருவகமே முக்கியமானது. முதலாவது சொல் கொடுக்கல் வாங்கல் உறவொன்றைச் சுட்டுகிறது. அதில் இரு தரப்பினர் உளர். இரண்டாவது சொல் ஒருவனுடைய ஒழுக்கத்தைச் சுட்டுகிறது. அங்கே அவன் மட்டுமே நிற்கிறான்.

தமிழிற் ‘கடன்’ என்ற சொல்லுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. புறநானூற்றின் 312ஆம் பாடலிற் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய பணிகளை வரிசைப்படுத்துமிடத்து, அச்சொல் செய்யவேண்டிய கடமையையே குறிக்கின்றது. குழு வாழ்வில் ஒருவர் மற்றவர்க்குச் செய்யவேண்டியது கடன். பணப் பொருளாதாரம் வளர்ந்த காலத்தில் ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்கவேண்டியதும் கடனாயிற்று. இரு பொருளும் ஒரு சொல்லிற் கலந்து நின்றமையாற் கடனைத் தீர்ப்பது கடமை என்ற கருத்து மக்கள் மனத்தில் எளிதாக வேரூன்றியது. தோட்ட முறை இக்கருத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டது.

3. கடன்

தோட்டத் தொழிலாளி இலங்கை மண்ணிற் கால்வைத்தபோதே கடனாளியாக இருந்தான். ஊரில் இருந்த கடனை அடைப்பதற்கும், கடல் கடப்பதற்கும், வழியிற் சோற்றுக்கும், குடும்பத்துக்கு விட்டுவருவதற்கும் கங்காணி முற்பணம் கொடுத்தான். அப்பணம் தோட்டத்துரையிடமிருந்து கங்காணிக்கு வந்தது. துரைக்கோ கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்கள் கடன் வழங்கின. அவற்றின் பின்னே வங்கிகளும் இலண்டன் மூலதனமும் நின்றன. நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் இச்சங்கிலியின் முக்கியமான கண்ணியாக விளங்கினர். இலண்டனில் தொடங்கிய கடன், படிப்படியாக இறங்கி, மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையில் வந்து முடிந்தது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் இலாபம் பெற்றார். கடைசிப் படியில் நின்றவர் மட்டும் உழைப்பாற் செலுத்தினார்.

இவ்வமைப்பின் கருவியாக அமைந்தது ‘துண்டு’. ஒரு கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன்பட்டுள்ளனர். அத்தொகையைச் செலுத்துவோர் இவர்களை ஏற்றுக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சிறு காகிதமே அது. அதனை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டங்களுக்குச் செல்வான். புதிய துரை பழைய கடனைச் செலுத்தி ஆட்களைப் பெறுவான். மேலும் முற்பணம் கொடுக்கப்படின் கடன் இன்னும் வளரும். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணி தலைக்காசு பெற்றான். ஆதலால், ஆட்களைக் கடனில் வைத்திருப்பது அவனுக்கு நன்மையாயிற்று. தொழிலாளி பெரும்பாலும் எழுத்தறியாதவன். தன் பெயருக்கு எதிரே என்ன தொகை உள்ளது என்பதை அவன் அறியான். அவனால் வாசிக்க இயலாத ஏடு அவனது வாழ்வைத் தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கங்காணியின் ஆதிக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

வங்கியின் வீழ்ச்சி தோட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. கோப்பித் தோட்டங்களின் பெயரிற் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களே அப்போது நாட்டிற் பெருமளவு புழங்கின. பீதியைத் தணிக்க ஆளுநர் ஆதர் கோர்டன் அந்நாணயத்தாள்களுக்கு அரசாங்கப் பொறுப்பை அளித்தார். அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி காகித நாணயம் வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றது. மூலதனத்தின் நெருக்கடியிற் காகிதத்தின் வாக்குறுதியைக் காக்க அரசு விரைந்து முன்வந்தது. அதே நெருக்கடியிற் பல தோட்டங்களிலே தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. அரசு எவ்வகைக் கடனை உடனே மதித்தது, எவ்வகைக் கடனைக் காத்திருக்கச் செய்தது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகின்றது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், 1885இல் நானுஓயாவரை நீண்ட இருப்புப்பாதையின் துணையோடு திம்புள்ளச் சரிவுகளை மூடியது. 1888இல் தோட்டத்துரைமாரின் தேவைகளுக்கென ஹற்றன் நகரில் ஹற்றன் வங்கி தோன்றியது. 1970இல் ஹற்றன் நஷனல் வங்கியாக விரிந்து, இன்று நாடெங்கும் மின்னியற் சேவை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்றாக விளங்குவது அதன் வழிவந்ததே. மலையகம் நாட்டின் வங்கித்தொழிலுக்கு வெளியே கிடந்த பிற்பட்ட பகுதி என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இதுவே போதிய சான்று. மலையகம் வங்கித்தொழிலின் தொட்டில்களுள் ஒன்று. அத்தொட்டிலை ஆட்டியவரின் பெயர் மட்டும் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியுள்ளது. தோட்டங்கள் பலவற்றிற் சம்பளம் வங்கிக்கணக்குக்குச் செல்கிறது. 2015இல் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி தொடங்கப்பெற்றது. கையடக்கத் தொலைபேசியில் ஒரு குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்தும் பொது முறையும் பின்னர் வந்தது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் சில நொடிகளில் லயத்தில் உள்ள தாய்க்குக் கிடைக்கிறது. இதனை முன்னேற்றம் என்று கூற நாம் தயங்கவேண்டியதில்லை. கங்காணியின் கையைக் கடந்து கூலி நேரே உழைத்தவரிடம் சேர்வது நூறாண்டுக் கோரிக்கையின் நிறைவேற்றமாகும்.

ஆனாற் கருவி மாறுவதனால் உறவு தானாக மாறிவிடுவதில்லை. 1990இல் அமைக்கப்பெற்ற கடன் தகவற் பணியகம் கடன்பட்டவரின் வரலாற்றைத் திரட்டிக் கடன் வழங்குவோருக்கு அளிக்கின்றது. அதனைத் துண்டோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். வேறுபாடு வெளிப்படை: துண்டு உடலைக் கட்டிப்போட்டது, பணியகத்தின் அறிக்கை அவ்வாறு செய்வதில்லை. தன்னைப் பற்றிய அறிக்கையைப் பெற்றுப் பார்க்கும் உரிமையும் இன்று ஒருவருக்கு உண்டு. ஒற்றுமையும் உண்டு: இரண்டிலும் ஒருவரது கடனைப் பற்றிய எழுத்து அவருக்கு முன்னே பயணம் செய்கிறது. நுண்கடன் நிறுவனங்களிடமும் தொலைபேசிவழிக் கடன் வழங்குவோரிடமும் தோட்டப் பெண்கள் கடன்படுவதற்குக் காரணம் அவர்களது அறியாமையன்று. பிணையாக வைக்கக் காணியோ வீடோ அவர்களிடம் இல்லை. நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த லய அறையை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது; அது அவர்களுடையதன்று. ஈடில்லாதவருக்குக் குறுகிய காலக் கடனும் கூடிய வட்டியுமே எஞ்சுகின்றன. ஒப்பந்தத்தின் விதிகள் அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லாதவிடத்து, எழுத்தறிந்த பேத்தியும் எழுத்தறியாத பாட்டியின் நிலையிலேயே வைக்கப்படுகிறாள். மொழிபெயர்ப்பு இங்கு இலக்கியப் பிரச்சினையன்று, பொருளாதாரப் பிரச்சினை.

இவ்வாறு வங்கியியலாளரின் கேள்வி காணி, வீடு என்பனவற்றின் கேள்வியாக மாறுகின்றது. அக்கேள்வி நம்மை மண்ணிடம் இட்டுச்செல்கின்றது.

4. மண்

மத்தேயு நற்செய்தியில் ‘கடன்’ என்ற சொல் வரும் மலைப்பிரசங்கம், பாறைமேற் கட்டிய வீட்டையும் மணல்மேற் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையோடு முடிவது குறிப்பிடத்தக்கது. லூக்காவின் வடிவத்தில், அறிவுள்ளவன் ஆழத் தோண்டி அத்திவாரம் இடுகின்றான். மற்றவன் அத்திவாரமின்றி மண்மேற் கட்டுகின்றான். மழையும் வெள்ளமும் வர, பின்னவனின் வீடு வீழ்கிறது. பொறியியலாளர் எவரும் மறுக்கவியலாத பாடம் இது. எனினும், இவ்வுவமைக்கு ஓர் அடிப்படை எடுகோள் உண்டு. வீடு கட்டுபவன் தன் இடத்தைத் தானே தெரிந்தெடுக்கிறான் என்பதே அது. திம்புள்ளத் தொழிலாளிக்கு அத்தெரிவு ஒருபோதும் வழங்கப்படவில்லை.

லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதைத் தோட்டத்தின் தேவை தீர்மானித்தது. தேயிலைக்கு உகந்த நிலம் தேயிலைக்கு ஒதுக்கப்பட்டது. துரையின் பங்களா காட்சியும் காற்றும் உள்ள மேட்டில் அமைந்தது. தொழிற்சாலைக்கு நீரும் பாதையும் அருகில் வேண்டும். எஞ்சிய சரிவிலும் பள்ளத்திலும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான அறைகளைக் கொண்ட நீண்ட லயங்கள் எழுந்தன. கருங்கல்லும் சாந்தும் கொண்ட சுவர்கள், தகரக் கூரை, முன்னே ஒடுங்கிய வாசல் என்பனவே அவற்றின் அமைப்பு. சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வலுவூட்டிய வளையை அவற்றிற் காண்பது அரிது. நிலநடுக்கப் பொறியியல் உலகெங்கும் மிகப் பலவீனமானதென எச்சரிக்கும் கட்டட வகை இதுவேயாம்.

இலங்கை கண்டத்தட்டொன்றின் நடுவே அமைந்துள்ளமையாற் பெரிய நிலநடுக்கங்கள் அரிது. எனினும், 1615இற் கொழும்பைத் தாக்கிய நிலநடுக்கம் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. 2020இல் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய கண்டிப் பகுதிகளிற் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. அவை பல்லேகலை நிலையத்தின் கருவிகளிலும் பதிவாயின. மலைநாட்டில் நிலநடுக்கத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருப்பது மழை. இரண்டின் இயக்கமும் ஓரளவு ஒப்பிடத்தக்கது. சரிவொன்று நிலைத்து நிற்பது, மண்ணைக் கீழே இழுக்கும் விசையைவிட அதனைப் பற்றிநிற்கும் வலிமை கூடியிருப்பதனாலாகும். நிலநடுக்கம் இழுக்கும் விசையைக் கூட்டுகின்றது. மழையோ மண்ணின் பாரத்தைக் கூட்டுவதோடு, துகள்களின் இடைவெளியில் நீரழுத்தத்தை உயர்த்திப் பற்றிநிற்கும் வலிமையையும் குறைக்கின்றது. 1920களில் தேர்சாகி வகுத்த மண்ணியக்கவியலின் அடிப்படை இதுவே. மலையகத்தின் தொன்மையான உருமாறிய பாறைகள் ஆழமாகச் சிதைந்து, அவற்றின்மேற் சரிவுப்படிவு மண் தடித்துக் கிடக்கும் இடங்களில் இவ்வியக்கம் கொடியதாகின்றது.

இம்மண்ணும் இயற்கையாகவே இந்நிலைக்கு வந்ததன்று. கோப்பிக்காலத்தில் மலைமுகடுகள்வரை காடு அழிக்கப்பட்டது. 1873இல் தாவரவியலறிஞர் ஹுக்கர் எச்சரித்ததைத் தொடர்ந்து 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதை அரசு நிறுத்தியது. அதற்குள் பெருந்தீங்கு நிகழ்ந்திருந்தது. புல்பூண்டை முற்றாக அகற்றும் முறையினால் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம், மண்காப்பு முறைகளைத் தோட்டங்களுக்கு எடுத்துரைத்தது. அம்முறைகளைச் சரிவுகளிற் செயலாக்கியவர் யார்? கான் வெட்டியவரும் கல்லடுக்கியவரும் தொழிலாளரே. தேயிலையின் வேரைக் காத்த அவ்வறிவு லயத்தின் அத்திவாரத்தைக் காக்கப் பயன்படுத்தப்படவில்லை. ஒரே சரிவில் இரு அளவுகோல்கள் வழங்கின: விற்பனைப் பொருளுக்கு ஒன்று, உழைப்பாளருக்கு மற்றொன்று.

1984இல் நிறுவப்பெற்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்களை உருவாக்கத் தொடங்கியது. இது நம் நாட்டு விஞ்ஞானத்தின் பெரும் பணியாகும். ஆயினும், 2014 அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்ட லயங்களை மலை மூடியபோது, அறிவு இருந்தும் உயிர்கள் காக்கப்படவில்லை. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ‘எச்சரித்தும் அவர்கள் போகவில்லை’ என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோதும் இத்தகைய பேச்சைக் கேட்டோம்.

இங்கேதான் நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவேண்டியுள்ளது. ‘அவர்கள் போகவில்லை’ என்பது கடனைக் குற்றமாக மொழிபெயர்ப்பதாகும். எங்கே போவது? எந்தக் காணிக்கு? எந்த உறுதியோடு? வேலைக்குப் பேர் போடும் தோட்டத்தைவிட்டு எவ்வளவு தூரம்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் ஒப்பந்தம் அவர்களைத் தொகைகளாகப் பிரித்தது. 2003இன் சட்டம்வரை பலருக்குக் குடியுரிமை முழுமை பெறவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இக்கைமாற்றங்கள் எவற்றிலும் லயத்தின் நிலம் அதில் வாழ்ந்தவருக்கு மாறவில்லை. 2015க்குப் பின்னரே ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் அரசின் கொள்கையாயின. இந்திய உதவியுடனான வீடமைப்பும் நடைபெற்றது. தேவையோ இன்றும் பெரிது. இழக்க உடைமை இல்லாதவரிடம் இடம்பெயரச் சொல்வது எளிது. சென்றடைய உரிமையுள்ள இடம் காட்டுவதே கடினம். சமூகம் கொடுக்கத் தவறியதை மக்கள் செய்த தவறாகக் காட்டுவது, தனிமனித ஒழுக்கத்தின் மொழியில் வர்க்க உறவை மறைப்பதேயாகும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று புலனாகும். மொழிபெயர்ப்பாய்வாளர் ‘கடன்’ என்ற சொல்லின் பொருளை அறிய வேண்டுமெனிற் செக்ரோலைப் புரட்டவேண்டும். வங்கியியலாளர் தோட்டப் பெண்ணின் கடன்சுமையை விளக்க வேண்டுமெனிற் காணி உரிமையின் வரலாற்றை அறியவேண்டும். பொறியியலாளர் சரிவின் நிலைப்பைக் கணிக்கும்போது, அச்சரிவின் கீழே வீடு வந்த காரணத்தையும் தம் கணிப்பிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். இவ்விணைவு வெறும் கல்விசார் ஆசையன்று. எச்சரிக்கை அறிவித்தல் மக்கள் வாசிக்கும் தமிழில் உரிய நேரத்தில் வருவதும், கடன் ஒப்பந்தம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருப்பதும், உறுதியோடு கூடிய காணி பாதுகாப்பான இடத்தில் வழங்கப்படுவதும் இதனோடு தொடர்புடையன. இம்மூன்றுள் ஒன்று குறையினும் மற்றையிரண்டும் பயன் தரா.

மலையக மக்களைக் கடனாளிகள் என்றே ஏடுகள் நெடுங்காலம் குறித்து வந்தன. ஏட்டைத் திருப்பி எழுதிப் பார்ப்போமாயின், இருப்புப்பாதையும் துறைமுகமும் வங்கிகளும் நாட்டின் அந்நியச் செலாவணியும் யாருடைய உழைப்பில் வளர்ந்தன என்பது தெரியும். அவ்வேட்டிற் கடன்பட்டிருப்பது சமூகமே. பொன்முடியாரின் காலத்துப் பொருளில், செய்யவேண்டியதைச் செய்தலே கடன். அக்கடன் மன்னிப்பாற் தீராது. காணியாலும் வீட்டாலும் உரிமையாலும் தீர்க்கப்படவேண்டும். அதற்கான கணக்கைச் சரியாக எழுதிவைப்பது ஆய்வாளராகிய நமது கடன்.